பாதுகாப்பு என்றால் யாருக்குப் பாதுகாப்பு?

(ஆனேக்கல்லில் நடந்த நமது சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வாரத்தில் ஒருநாள் கிடைக்கிற ஓய்வையும் விட்டுவிட்டு, அத்திப்பள்ளியிலிருந்தும் ஜிகணியிலிருந்தும் சந்தாபுரத்திலிருந்தும் பொம்மசந்திராவிலிருந்தும் பிள்ளைகுட்டிகளோடு வந்திருக்கிறீர்கள். உங்கள் நேரத்தின் அருமை எங்களுக்குத் தெரியும். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள், நாட்டுப் பாதுகாப்பிலும் மக்கள் பாதுகாப்பிலும் தொழில்நுட்பத்தின் பங்கு. கேட்டவுடன் சிலருக்குத் தோன்றலாம்: ராணுவ அதிகாரிகளும் விஞ்ஞானிகளும் பேச வேண்டிய விஷயமாயிற்றே, கிரானைட் அறுக்கிறவனும் தையல் மிஷினில் உட்காருகிறவளும் கட்டடத்துக்குச் செங்கல் சுமக்கிறவனும் இதில் பேச என்ன இருக்கிறது என்று. இருக்கிறது, தோழர்களே. அந்தக் கருவிகளைச் செய்கிற கையும் நம் கை. அவற்றால் கண்காணிக்கப்படுகிற முகமும் நம் முகம். அவை இல்லாத இடத்தில் கருகிப்போகிற உடம்பும் நம் உடம்புதான்.

தமிழில் ‘பாதுகாப்பு’ என்று ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். எல்லையில் பீரங்கி நிற்பது பாதுகாப்பு. வங்கி வாசலில் துப்பாக்கியோடு காவலாளி நிற்பதும் பாதுகாப்பு. ஓடுகிற சக்கரத்தில் விரல் சிக்காமல் கம்பிவலை போடுவதும் பாதுகாப்பு. சொல் ஒன்றுதான். ஆனால் பணம் ஒதுக்கும்போதும், அறிவைச் செலவிடும்போதும், அக்கறை காட்டும்போதும் இந்த மூன்றும் ஒன்றாக நடத்தப்படுவதில்லை. முதலாவதுக்கு அள்ளிக் கொடுக்கிறார்கள். இரண்டாவதுக்கு எண்ணிக் கொடுக்கிறார்கள். மூன்றாவதுக்குக் கேட்டால் கையை விரிக்கிறார்கள். இந்த ஏற்றத்தாழ்வைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

ராக்கெட் பிறந்த மண்

நாம் பிழைக்க வந்திருக்கிற இந்த மண்ணுக்கும் போர்க்கருவிக்கும் உள்ள உறவு பழையது. ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் ஆண்ட மைசூர் ராஜ்யத்தில், இரும்புக் குழாய்க்குள் வெடிமருந்தை அடைத்து ராக்கெட் செய்தார்கள். 1780ஆம் ஆண்டு காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் நடந்த சண்டையில், கும்பெனிப் படையின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. அந்தப் படை தோற்றது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு அந்த ராக்கெட்டுகளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் ஆராய்ந்தார்கள். காங்கிரீவ் என்பவர் அதைப் பார்த்துத் தமது ராக்கெட்டைச் செய்தார். உலகம் அதை அவர் பெயரால் அழைத்தது. செய்தவன் ஒருவன், பெயர் மற்றொருவனுக்கு என்பது அன்றைக்கே தொடங்கிவிட்ட கதை.

பிறகு 1940இல் பெங்களூரில் விமானத் தொழிற்சாலை வந்தது. அதுதான் இன்றைய எச்.ஏ.எல். 1954இல் ஜாலஹள்ளியில் ராடாரும் கம்பியில்லாத் தந்திக் கருவியும் செய்யும் பி.இ.எல். வந்தது. ராணுவ ஆராய்ச்சிக் கூடங்கள் பல வந்தன. 1969இல் தொடங்கப்பட்ட இஸ்ரோவின் தலைமையகமும் பெங்களூர்தான். ‘தேஜஸ்’ போர்விமானம் 2001 ஜனவரி 4 அன்று முதன்முதலாகப் பறந்ததும் இந்த ஊர் வானத்தில்தான்.

இந்தத் தொழிற்சாலைகளில் கடைசல் பிடித்தவர்களிலும் பற்றவைத்தவர்களிலும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் ஏராளம். கன்னடத் தோழர்களோடும் தெலுங்கு, மலையாளத் தோழர்களோடும் தோளோடு தோள் நின்று வேலை செய்தார்கள். 1980 டிசம்பர் கடைசியில் தொடங்கிய பெங்களூர்ப் பொதுத்துறைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் 77 நாள் நடந்தது. லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் நின்றார்கள். நாட்டின் பாதுகாப்புக் கருவிகளைச் செய்தவர்கள், தங்கள் வயிற்றுக்கும் வாழ்வுக்கும் பாதுகாப்புக் கேட்டுத் தெருவில் நிற்க வேண்டியிருந்தது என்பதை மறக்கக்கூடாது.

நாற்பத்தைந்து நாள்

2023 ஆகஸ்ட் 23 அன்று மாலை, சந்திரயான்-3 நிலவின் தென்துருவத்துக்குப் பக்கத்தில் இறங்கியது. பெங்களூரில் இருக்கும் கட்டுப்பாட்டு மையத்திலிருந்து அதை இயக்கினார்கள். அந்தத் திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். ரயில்வே தொழிலாளியின் மகன். நமக்கெல்லாம் நெஞ்சு நிமிர்ந்தது, நிமிர வேண்டியதுதான்.

அன்றிலிருந்து சரியாக 45ஆம் நாள், அதே 2023இல் அக்டோபர் 7, சனிக்கிழமை. இந்த ஆனேக்கல் தாலுகாவில், அத்திப்பள்ளியில், ஓசூர் நெடுஞ்சாலை ஓரத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு பட்டாசுக் கடை. கடையோடு சேர்ந்த கிடங்கு. தீபாவளிச் சரக்கு லாரியில் வந்திருந்தது. பிற்பகலில் இறக்கிக்கொண்டிருந்தபோது தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் வெளியே வர வழியில்லாமல் சிக்கினார்கள். 14 பேர் உயிர்போனதாக முதலில் கணக்குச் சொன்னார்கள். பிறகு ஆஸ்பத்திரியில் இறந்தவர்களோடு அந்த எண்ணிக்கை மேலும் கூடியது.

யார் அவர்கள்? தருமபுரி மாவட்டத்து அம்மாபேட்டைப் பிள்ளைகள். திருப்பத்தூர், கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பிள்ளைகள். பலர் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள். தீபாவளிக்கு முன் சில வாரம் வேலை செய்தால் துணிமணிக்கும் படிப்புக்கும் நாலு காசு கிடைக்கும் என்று வந்தவர்கள். கள்ளக்குறிச்சி 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருந்தது. ஒரே மாவட்டமாக இருந்த மண்ணிலிருந்து ஒருவர் நிலவுக்கு வண்டி அனுப்பினார். அதே மண்ணின் பிள்ளைகள் ஒரு கிடங்கின் கதவைத் தாண்டி வெளியே வர முடியாமல் கருகினார்கள். இரண்டுக்கும் இடையே நாற்பத்தைந்து நாள். இரண்டும் பெங்களூர் மாவட்டத்தில்.

நிலவுக்குப் போனது தவறு என்று நாம் சொல்லவில்லை. அப்படிப் பேசுகிறவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. நிலவில் மெல்ல இறங்கத் தெரிந்த நாட்டுக்கு, ஒரு கிடங்குக்கு இரண்டாவது வாசல் வைக்கத் தெரியாதா என்றுதான் கேட்கிறோம்.

வெடிமருந்தின் கணக்கு

பட்டாசுத் தீ ஏன் வேறு தீயைப் போன்றதல்ல என்பதை நம் வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். விறகு எரியக் காற்று வேண்டும். சாக்கைப் போட்டு மூடினால், காற்று அடைபட்டு அணைந்துவிடும். வெடிமருந்து அப்படியல்ல. பழைய கருமருந்தில் வெடியுப்பு நூற்றுக்கு 75 பங்கு, கரி 15, கந்தகம் 10 என்பது கணக்கு. எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவை அந்த வெடியுப்பே உள்ளிருந்து கொடுக்கிறது. இப்போதைய பட்டாசில் அலுமினியத் தூளும் சேர்கிறது. சூடும் வேகமும் இன்னும் கூடுகின்றன. மூடினாலும் அது எரியும். மூடிய அறைக்குள் என்றால் வாயு பெருகிச் சுவரையே தள்ளும். ஒரு பெட்டி பக்கத்துப் பெட்டியைப் பற்றவைக்கிறது. ஓடிப்போய் வாளியில் தண்ணீர் கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது.

ஆகையால் பட்டாசுத் தீயை அணைக்கும் தொழில்நுட்பத்தைவிட, பட்டாசை வைக்கும் தொழில்நுட்பம்தான் முக்கியம். எவ்வளவு சரக்கு, எவ்வளவு இடைவெளி, எத்தனை வாசல், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, உள்ளே எத்தனை பேர் என்பவைதான் உயிர்காக்கும் விஷயங்கள். இதற்கு வெளிநாட்டு எந்திரம் எதுவும் வேண்டாம். அளவுகோலும் கொத்தனாரும் போதும்.

சட்டமும் இல்லாமல் இல்லை. 1884ஆம் ஆண்டிலேயே வெடிபொருள் சட்டம் வந்தது. 2008இல் புதிய விதிகள் வந்தன. தீபாவளிக்கு மட்டும் போடுகிற தற்காலிகக் கடைகளுக்குக்கூட அதில் கணக்கு இருக்கிறது: தீப்பிடிக்காத பொருளால் கட்ட வேண்டும், கடைக்கும் கடைக்கும் குறைந்தது 3 மீட்டர் இடைவெளி வேண்டும், ஒன்றுக்கொன்று எதிரெதிராக இருக்கக்கூடாது, எண்ணெய் விளக்கு கூடாது. தாளில் எல்லாம் இருக்கிறது. ஆனால் தாள் தீயைத் தடுக்காது. தாளைப் படித்துவிட்டு இடத்தைப் போய்ப் பார்க்கிற கண்தான் தடுக்கும்.

அத்திப்பள்ளியில் தீப்பிடித்த மறுநாள் முதலமைச்சர் சித்தராமையா வந்து பார்த்தார். இறந்தவர் குடும்பத்துக்குக் கர்நாடக அரசு ஐந்து லட்சமும், தமிழ்நாடு அரசு மூன்று லட்சமும் அறிவித்தன. வழக்கு சி.ஐ.டி. விசாரணைக்குப் போனது. அதிகாரிகள் சிலர் தற்காலிக வேலைநீக்கம் செய்யப்பட்டனர். இவையெல்லாம் செய்ய வேண்டியவைதான். ஆனால் வெள்ளம் வந்த பிறகு அணை போட்டு என்ன பயன்?

அந்த ஆண்டின் கணக்கை மட்டும் பாருங்கள். 2023 ஜூலை 29 அன்று கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து ஒன்பது பேர் இறந்தனர். அக்டோபர் 7 அத்திப்பள்ளி. இரண்டே நாள் கழித்து அரியலூர் மாவட்டம் விரகாலூர். அக்டோபர் 17 சிவகாசி. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே சாவு. இது கர்நாடகத்துக் குற்றமா, தமிழ்நாட்டுக் குற்றமா என்று கட்சி பேசுவதற்கு இடமில்லை. மலிவான உழைப்பும் மலிவான உயிரும் சேருகிற இடமெல்லாம் இதுதான் நடக்கிறது.

இருந்தும் இயங்காத கருவி

கருவி இல்லாததால்தான் சாவு என்று எப்போதும் சொல்லிவிட முடியாது. 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு போபாலில் நச்சுவாயு கசிந்து ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டார்கள். அந்த ஆலையில் பாதுகாப்புக் கருவிகள் இல்லாமலா இருந்தன? இருந்தன. வாயுத் தொட்டியைக் குளிர்விக்கும் எந்திரம் இருந்தது; செலவைக் குறைக்கப் பல மாதம் முன்பே நிறுத்தியிருந்தார்கள். கசியும் வாயுவை எரிக்கும் கோபுரம் இருந்தது. அதன் குழாய் பழுதுபார்ப்புக்காகக் கழற்றப்பட்டிருந்தது. வாயுவைக் கழுவும் கோபுரமும் இருந்தது. அன்றிரவு அது ஆயத்தமாக இல்லை. கருவியை வாங்குவது ஒரு செலவு. அதை நாள்தோறும் உயிரோடு வைத்திருப்பது மற்றொரு செலவு. இந்த இரண்டாவது செலவைத்தான் முதலாளி முதலில் வெட்டுகிறார்.

போபாலுக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தினார்கள். தான் கையாளும் பொருளின் ஆபத்து என்ன என்று தெரிந்துகொள்ளும் உரிமை, ஆபத்து நெருங்கினால் எடுத்துச் சொல்லும் உரிமை தொழிலாளிக்கு எழுத்தில் வந்தது. அந்தச் சட்டமும், வெளிமாநிலத் தொழிலாளருக்கான 1979ஆம் ஆண்டுச் சட்டமும் இன்று தனித்தனியாக இல்லை. 2020இல் நிறைவேறிய தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் தொகுப்புச் சட்டத்துக்குள் கரைந்துவிட்டன. 2025 நவம்பர் 21 முதல் அது அமலுக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்தது.

அந்தத் தொகுப்பைப் பற்றித் தொழிற்சங்கங்களுக்குப் பலத்த குறைகள் உண்டு. ஆயினும் அதில் நமக்குக் கைகொடுக்கும் சில வரிகள் இருக்கின்றன. வேலைக்கு எடுக்கும்போது நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும். பாதுகாப்பு பற்றிய தகவலைக் கேட்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. உயிருக்கு ஆபத்து என்று நியாயமாக அஞ்சினால் முதலாளியிடம் நேரில் சொல்லலாம். வெளிமாநிலத் தொழிலாளி ஊருக்குப் போய்வரப் பயணப்படி பற்றியும் பேசப்பட்டிருக்கிறது.

அதே சட்டத்தில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. எந்த ஆலையைச் சோதிப்பது என்பதைக் கம்ப்யூட்டரே குலுக்கல் முறையில் எடுத்துக் கொடுக்கலாம் என்கிறது. இன்ஸ்பெக்டர் தன் விருப்பத்துக்கு ஆலை ஆலையாக ஏறி மாமூல் வாங்குவது ஒழியும் என்று காரணம் சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கம்ப்யூட்டர் தன் பட்டியலில் இருக்கிற பெயரைத்தான் எடுக்கும். பதிவே செய்யாத கிடங்கு, வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்டு நடத்துகிற பட்டறை, இரண்டு மாதத்துக்கு மட்டும் திறக்கிற கடை ஆகியவை குலுக்கலில் ஒருநாளும் விழா. ஆபத்து அதிகம் உள்ள இடமே இயந்திரத்தின் கண்ணுக்குப் படாத இடம். அங்கே மனிதன்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

கைரேகையும் முகமும்

இனிக் கண்காணிப்புக்கு வருவோம். பெங்களூரைப் பத்திரமான நகரமாக்க, நிர்பயா நிதியின் கீழ் ஒரு பெரிய திட்டம் போட்டார்கள். பெண்களின் பாதுகாப்புக்காக என்று சொல்லப்பட்ட அந்தத் திட்டத்தின் மதிப்பு 600 கோடிக்கும் மேல். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட காமிராக்களை நகரம் முழுவதும் பொருத்தினார்கள். முகத்தைப் பார்த்து ஆளை அடையாளம் சொல்லும் தொழில்நுட்பமும் அதில் சேர்ந்தது.

காமிராவால் பயனே இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். 2024 மார்ச் 1 அன்று பெங்களூரில் ராமேஸ்வரம் கஃபே ஓட்டலில் குண்டு வெடித்தது. குண்டு வைத்தவன் வந்துபோன வழியைக் காமிராப் படங்கள்தான் காட்டின. ஏப்ரலில் வங்காளத்தில் பிடித்தார்கள். இரவு ஷிப்ட் முடித்துத் தனியே வருகிற நம் பெண்களுக்கு, தெருமுனையில் ஒரு விளக்கும் ஒரு காமிராவும் இருப்பது தைரியம்தான். ஆனால் அந்த ஓட்டலில் வெடிப்பதைக் காமிரா தடுக்கவில்லை. நடந்த பிறகு காட்டியது. காமிரா சாட்சி, காவல் அல்ல. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டால், கண்ணாடிக் கண்ணை மாட்டிவிட்டு மனிதக் காவலைக் குறைத்துவிடுவார்கள்.

அந்தக் கண்கள் யாரைப் பார்க்கின்றன என்றும் கேட்க வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வீட்டுவேலைக்குப் போகும் நம் சகோதரிகளுக்கு இது நன்றாகத் தெரியும். வாசலில் செல்போன் கருவி அவர்கள் படத்தைக் காட்டுகிறது. வந்த நேரம், போன நேரம் பதிகிறது. எந்தெந்த வீட்டில் வேலை என்பதும் பதிகிறது. வெளியே போகும்போது பையைத் திறந்து காட்டச் சொல்கிறார்கள். நம்மைப் பற்றிய விவரம் இவ்வளவையும் சேர்க்கிறவர்கள், தங்களைப் பற்றி எதையாவது நமக்குச் சொல்கிறார்களா? சம்பளப் பாக்கி வைத்த வீட்டைப் பற்றி, கை நீட்டிய எஜமானரைப் பற்றி எச்சரிக்கும் கருவியை யாராவது செய்தார்களா? இல்லை. பார்ப்பது ஒருபக்கமாக இருந்தால் அது சந்தேகம். இரண்டு பக்கமும் பார்க்க முடிந்தால்தான் அது பாதுகாப்பு.

இது புதிய சண்டை அல்ல, தோழர்களே. நம் முன்னோர் போட்ட சண்டை. கோலார் தங்கவயலை நினைத்துப் பாருங்கள். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே தோண்டத் தொடங்கியது. வடஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் போன ஏழை மக்கள், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட மக்கள், பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கினார்கள். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து அங்கே மின்சாரம் வந்தது. பெங்களூருக்கு விளக்கு எரிவதற்கு முன்பே வந்தது. தங்கத்தை எடுக்கும் தொழில்நுட்பம் அவ்வளவு விரைவாக வந்தது. பாறை வெடித்து மேலே விழாமல் காக்கும் தொழில்நுட்பமோ ஆமை வேகத்தில் வந்தது. பாறை நசுங்கும் ஒலியை ஆராய்கிற தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தங்கவயலில் தொடங்கப்பட்டது 1988இல்! சுரங்கத்தை மூடியது 2001இல். நூறாண்டுக்கும் மேல் மக்கள் செத்துக்கொண்டிருந்த இடத்தில், கடைசிப் பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டுக்குத்தான் அப்படியொரு நிறுவனம் கிடைத்தது.

ஆனால் ஒரு தொழில்நுட்பம் மட்டும் அங்கே சீக்கிரமே வந்துவிட்டது. அது கைரேகை. 1930இல் தங்கவயல் நிர்வாகம் தொழிலாளர் ஒவ்வொருவரின் கைரேகையையும் பதிவுசெய்யப் போவதாகச் சொன்னது. ஒரு சுரங்கத்தில் நீக்கப்பட்டவன் மற்றொரு சுரங்கத்தில் வேறு பெயரில் வேலைக்குச் சேர முடியாமல் போகும் என்பது தொழிலாளருக்குப் புரிந்தது. கைரேகை குற்றவாளியிடம் எடுப்பது; உழைக்க வந்தவனிடம் ஏன் எடுக்கிறாய் என்று கேட்டார்கள். பெரிய சங்கம் என்று எதுவும் உறுதியாக ஊன்றாத அந்தக் காலத்தில், ஆயிரமாயிரமாக வேலையை நிறுத்தி வாரக்கணக்கில் நின்றார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அந்த மக்கள், ஒரு கருவி எவன் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அது நன்மையா தீமையா என்று படித்து வைத்திருந்தார்கள்.

இன்று கைரேகை கொடுத்துத்தான் ரேஷன் வாங்குகிறோம். ஊரில் இருக்கும் அட்டையைக் கொண்டு இங்கேயும் அரிசி வாங்கலாம் என்ற வசதி அதனால்தான் வந்தது, நல்லதே. அதே சமயம் செங்கல் சுமந்து, கல் உடைத்து ரேகை தேய்ந்துபோன விரலை அந்த இயந்திரம் ஏற்க மறுக்கிறது. உழைத்துத் தேய்ந்த கையை ‘இது மனிதன் கை’ என்று ஒப்புக்கொள்ளாத கருவியைத் திருத்த வேண்டியது கருவி வைத்தவர் கடமை. கையை இழுத்துக்கொண்டு பட்டினி கிடப்பது நம் கடமை அல்ல.

அந்தரங்கம் மனிதனின் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். அந்த வழக்கைத் தொடுத்தவர் கர்நாடக உயர்நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி புட்டசாமி. அந்த உரிமை மாளிகையில் இருப்பவருக்கு மட்டுமல்ல, தகரக் கொட்டகையில் இருப்பவருக்கும் உண்டு.

வதந்தி என்னும் வெடிமருந்து

இன்னொரு கருவி நம் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிறது. செல்போன். பிழைக்கப் போன ஊரில் வாழ்கிறவர்களுக்கு இதைவிட ஆபத்தானதும் இல்லை, இதைவிட உதவியானதும் இல்லை.

1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையில் பெங்களூர்த் தமிழர் பட்ட பாடு நம் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அப்போது செல்போன் இல்லை. வாய்ச்சொல்லே தீயாகப் பரவியது. 2012 ஆகஸ்டில், வடகிழக்கு மாநிலத்தாரை அடிக்கப் போகிறார்கள் என்ற வதந்தி செல்போன் செய்தியாகப் பரவ, ஆயிரக்கணக்கானவர்கள் பெங்களூர் ரயில் நிலையத்தில் முண்டியடித்துக் கௌஹாத்திக்கு ஓடினார்கள். கூட்டமாகச் செய்தி அனுப்புவதையே அரசு கொஞ்ச நாள் கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று. 2016 செப்டம்பர் 12 அன்று மறுபடி காவிரி. பெங்களூரில் ஒரு மாணவர் தாக்கப்பட்ட படமும், சென்னையில் கர்நாடகத்தார் ஓட்டல் தாக்கப்பட்ட படமும் மாறி மாறிப் பறந்தன. ஒவ்வொரு படமும் அடுத்த அடிக்கு எண்ணெய் ஊற்றியது. தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் பணிமனையில் நின்றபடியே எரிந்தன.

2023 மார்ச்சில் நிலைமை தலைகீழாயிற்று. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளரை வெட்டுகிறார்கள் என்று பொய்ப்படங்கள் பரவின. வேறு எங்கோ நடந்ததை எடுத்து ஒட்டியவை. திருப்பூர்ப் பக்கத்திலிருந்து தொழிலாளர்கள் பயந்து ஊருக்குக் கிளம்பினார்கள். பீகார் அரசு அதிகாரிகளை அனுப்பிப் பார்த்து, பொய் என்று தெரிந்துகொண்டது. அன்று அந்தப் பீகார்த் தாயின் வயிற்றில் இருந்த பயம், 1991இல் நம் தாயின் வயிற்றில் இருந்த அதே பயம். ஆகவே, எந்த மாநிலத்தில் எந்த மொழிக்காரன் வந்து உழைத்தாலும் அவன் நம் ஆள் என்பதில் நமக்குச் சந்தேகம் வரக்கூடாது.

வதந்தியும் வெடியுப்பைப் போன்றதுதான். தனக்கு வேண்டிய காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். கையை வைத்து மூடி அணைக்க முடியாது. அடுத்த பெட்டிக்குப் போகாமல் தடுக்கத்தான் முடியும். அந்த அடுத்த பெட்டி நம் கையில் இருக்கிற செல்போன். இன்னொரு தடுப்புச் சுவரும் உண்டு. அது பக்கத்து வீட்டுக் கன்னடக் குடும்பம். கலவர நாளில் நம்மவர் பலரைக் காத்தது போலீஸ் வண்டியைவிட அந்தப் பக்கத்து வீட்டுக் கதவுதான். அந்தக் கதவு திறக்க வேண்டுமானால், சாதாரண நாளில் அவர்கள் மொழியில் நாலு வார்த்தை பேசிப் பழகியிருக்க வேண்டும். கன்னடம் கற்பது தமிழுக்குத் துரோகம் அல்ல. நம் பிள்ளைகளுக்கு அது பாதுகாப்புக் கவசம்.

நாம் கேட்பதும் நாம் செய்வதும்

அரசிடமும் நிர்வாகங்களிடமும் நாம் கேட்பவை இவை:

1. ஆனேக்கல் தாலுகாவில் உள்ள பட்டாசு, ரசாயனக் கிடங்குகள் ஒவ்வொன்றின் வாசலிலும், அனுமதித்த சரக்கின் அளவையும் கடைசியாகச் சோதனை நடந்த தேதியையும் கன்னடத்திலும் தமிழிலும் இந்தியிலும் எழுதி வைக்க வேண்டும். தீபாவளிக்கு முன் சோதனை நேரில் நடக்க வேண்டும்.

2. ஆள் வேலை செய்யும் எந்தக் கிடங்குக்கும் வெளிப்புறமாகத் திறக்கும் இரண்டு வாசல் வேண்டும். சரக்கு இருக்கும் கட்டடத்தில் தொழிலாளரைத் தங்கவைக்கக் கூடாது.

3. சில வாரத்துக்கு மட்டும் வருகிற பிள்ளைகளுக்கும் பெயர்ப் பதிவும் நியமனக் கடிதமும் வேண்டும். சாவு வந்த பிறகு பெயர் தேடும் நிலை ஒழிய வேண்டும்.

4. தொழிற்பேட்டைகளின் வளர்ச்சிக்கு ஏற்றபடி தீயணைப்பு நிலையங்களும் தீக்காய சிகிச்சைக்கு வசதியும் இந்தத் தாலுகாவிலேயே வேண்டும்.

5. காமிராவுக்கு முன்னால் தெருவிளக்கு வேண்டும். காமிராப் படத்தை யார் பார்க்கிறார்கள், எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள் என்பதை மக்களுக்குச் சொல்ல வேண்டும்.

6. பதற்றமான நாட்களில் அரசின் உண்மை அறிவிப்பு, வதந்தி வருவதற்கு முன்பே, நம் மொழியிலும் வர வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவையும் உண்டு. புதிதாக வேலைக்குப் போகும் இடத்தில் முதல் நாள் சம்பளத்தைக் கேட்பதுபோல, இரண்டாவது வாசல் எங்கே என்றும் கேளுங்கள். ஒவ்வொரு வேலையிடத்திலும் எத்தனை பேர் இருக்கிறார்கள், எந்த ஊர், வீட்டுத் தொலைபேசி எண் என்ன என்று ஒருவர் ஒரு நோட்டில் எழுதி வெளியே வைத்திருங்கள். தீயோ விபத்தோ கலவரமோ எதுவானாலும் 112 என்ற எண்ணைச் சுழற்றக் குழந்தைக்கும் கற்றுக்கொடுங்கள்; இடத்தின் பெயரைக் கன்னடத்தில் சொல்லவும் கற்றுக்கொடுங்கள். கையில் வந்த படத்தை, உண்மை தெரியாமல் மற்றொருவருக்குத் தள்ளிவிடாதீர்கள். ஊரிலிருந்து ஆள் கூட்டிவரும் மேஸ்திரி நம் உறவுக்காரராகவே இருந்தாலும், பிள்ளைகளை எந்தக் கூரையின் கீழே கொண்டுபோய் விடுகிறார் என்று விசாரிக்காமல் அனுப்பாதீர்கள்.

தோழர்களே! விஞ்ஞானத்துக்கு நாம் எதிரிகள் அல்ல. ராடார் செய்ததும் நாம்தான், விமானத்துக்கு ஆணி அடித்ததும் நாம்தான், இரவெல்லாம் விழித்து மற்றவர் வீட்டைக் காப்பதும் நாம்தான். நாட்டைக் காக்கும் கருவிகளைச் செய்த கைகளுக்கு, அந்தக் கைகளையும் காக்கும்படி கேட்க முழு உரிமை உண்டு. அடுத்த தீபாவளிக்கு ஊரிலிருந்து பிள்ளைகள் வேலைக்கு வருவார்கள். அவர்கள் வருவதற்கு முன்பே, இந்தத் தாலுகாவின் ஒவ்வொரு கிடங்கிலும் இரண்டாவது வாசல் திறந்திருக்கிறதா என்று பார்க்கும் குழுவை இன்றே, இந்த இடத்திலேயே அமைப்போம். பெயர் கொடுக்கிறவர்கள் முன்னால் வாருங்கள்.